எதிர்க்கடைக்கு வந்த பீட்டா

கீழக்கரையில் நான் பார்த்துக்கொண்டிருந்த பிரவுசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. தெருவுக்கு எதிர்ச்சாரியில் என் சித்தப்பா மகன் வைத்திருந்த கடையில் நான்குதான். அவன் கடையில் மின்விசிறி ஓடும்போது கட்டை வண்டி போகிற மாதிரி சத்தம் வரும். என் கடையில் பெண்களுக்குத் தனி வாசல் உண்டு, தடுப்புக்குத் துணி உண்டு, குடிக்கத் தண்ணீர் உண்டு. அப்படியிருந்தும் அந்த வருடம் மழைக்காலம் முடிந்ததிலிருந்து பெண்களின் செருப்புகள் அவன் வாசலில் கிடக்க ஆரம்பித்தன. செருப்பைப் பார்த்தே யார் வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நேற்றுவரை என் வாசலில் கிடந்த செருப்புகள் அல்லவா.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. அந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் ஒரே இடத்தில் ஒரு வருடம் முழுதாக நான் இருந்ததில்லை. சாயல்குடிக்கு மேற்கே மழையை நம்பி விதைக்கிற ஊர் எங்களுடையது. எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றேன். வாலிநோக்கத்தில் உப்பு வாரினேன். கால் வெடித்து உப்புத் தண்ணீர் ஏறினால் எரியும். இரண்டு வாரத்தில் அதுவும் பழகிவிடும். பிறகு லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டினேன். கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்து, பையன்கள் போனபிறகு ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இந்தக் கீழக்கரைக் கடையின் முதலாளி ஷார்ஜாவில் இருந்தார். ராமேஸ்வரம் லாட்ஜில் தங்க வந்த பழக்கத்தில், என்னை நம்பிச் சாவியைக் கொடுத்தார். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் படுத்துக்கொள்ளலாம். மூன்றாவது வருடம் ஓடியபோது, இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று முதல் தடவையாக நினைத்தேன். சுவரில் ஆணி அடித்துச் சட்டை மாட்டினேன். அதற்கு முன்பு எங்கேயும் நான் ஆணி அடித்தது கிடையாது.

சித்தப்பா மகனும் என்னோடு உப்பு வாரியவன்தான். அவன் எங்கும் போகவில்லை. ராமநாதபுரத்தில் ஆறு மாத கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றை முடித்தான், கல்யாணம் செய்தான், மாமனார் எடுத்துக் கொடுத்த கடையில் உட்கார்ந்தான். நான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த நாற்காலிக்கு அவன் சாயல்குடி பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்துவிட்டான். எதிரெதிரே இருந்தும் நாங்கள் பேசுவதில்லை. அவன் மகளின் காதுகுத்துக்கு எங்கள் வீட்டுக்குச் சொல்லிவிட்டது மினிபஸ் கண்டக்டர் மூலமாக. எங்கள் பக்கத்தில் பங்காளியை அழைப்பதென்றால் ஆள் விடக்கூடாது. நேரில் வர வேண்டும். வாசலில் நின்று வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி, வந்து இருந்து நடத்திக் கொடுங்கள் என்று வாயால் சொல்ல வேண்டும். வழிப்போக்கில் சொல்லிவிட்டால் அது வராதே என்று சொன்னதற்குச் சமம். எங்கள் அய்யா போகவில்லை. நாங்களும் போகவில்லை. அவர்களும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாட்டில் இருப்பார்கள். எங்கள் தொழில் அவர்களால்தான். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்து அங்கே அவர்கள் அறைக்குத் திரும்பும் நேரம், இங்கே பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்போது இருந்த சாட்டிங் மென்பொருளில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். முகம் வந்தால் குரல் வராது. குரல் வந்தால் முகம் நின்றுவிடும், பெரும்பாலும் வாய் திறந்தபடி. ஒரு பெண் தன் கணவருக்குக் கொட்டாவி விடுகிற முகம்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

என் கடைக்குத் தவறாமல் வருகிறவர்களில் ஓர் இளவயதுப் பெண் இருந்தார். கணவர் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். அவர் போன பிறகு பிறந்த ஆண் குழந்தை. மகனின் முகம் அசைந்து அவர் பார்த்ததில்லை. இந்தப் பெண் குழந்தைக்கு மை வைத்து, சட்டை மாற்றி, கேமராவுக்கு முன்னால் நிறுத்திப் பிடிப்பார். அந்தப் பக்கம் அவர், ஒண்ணும் தெரியல, கருப்பா ஒரு கட்டம் தெரியுது என்பார். நான் கேமராவைத் துடைப்பேன், கம்பியைப் பிடுங்கிச் செருகுவேன், பெட்டியை அணைத்துப் போடுவேன். அந்தப் பெண் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அடுத்த வாரம் பார்ப்போம் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்காகவாவது ஒரு வாரம் அந்தப் படம் வந்துவிடாதா என்று இருக்கும் எனக்கு.

அப்போதுதான் அந்தப் புது மென்பொருளைப் பற்றி ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்தேன். மெதுவான இணைப்பிலும் முகம் நிற்காமல் ஓடுமாம். ஆனால் சோதனை ஓட்டம்தான், குறிப்பிட்ட பேருக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பேசுகிற இருவரில் ஒருவரிடம் இருந்தால் போதுமாம். பீட்டா என்று அதற்குப் பெயர். ஒரே வாரத்தில் தெருவே அதைப் பீட்டா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. பீட்டா வந்திருச்சா என்று மண்ணெண்ணெய் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரிக் கேட்டார்கள்.

அன்றைக்கே பதிந்தேன். பெயர், ஊர், வேலை, எந்த நிறுவனம், எத்தனை பேர் பயன்படுத்துவீர்கள், எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள். நிறுவனம் என்ற இடத்தில் கடைப் பெயரை அடித்தேன். பதவி என்ற இடத்தில் என்ன அடிப்பது என்று தெரியாமல் மேனேஜர் என்று அடித்தேன். கடைசியில் கோணல்மாணலாக வளைந்த எழுத்துகளைக் காட்டி, பார்த்து அப்படியே அடி என்றது. அடித்தேன். தப்பு என்றது. வேறு எழுத்தைக் காட்டியது. அதுவும் தப்பு. நடுவில் கரண்டு போனது. கரண்டு வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாம் முடிந்து, நன்றி, உங்கள் முறை வரும்போது தெரிவிக்கிறோம் என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை நான் அப்படியே நம்பினேன்.

ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. காலையில் கடை திறந்ததும் சாம்பிராணி போடுவதற்கு முன்னால் மெயிலைத் திறந்து பார்ப்பேன். இந்தியாவிலிருந்து பதிந்தால் கொடுக்கமாட்டார்களோ என்று சந்தேகம் வந்தது. வேறொரு மெயில் முகவரி திறந்து அமெரிக்கா என்று பதிந்தேன். அப்புறம் ஜெர்மனி. ஒன்றில் ஆசிரியர் என்றேன். ஒன்றில் டாக்டர் என்றேன். டாக்டருக்கும் அதே நன்றிதான் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கினால்கூட முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். பின்னால் நிற்பவனிடம் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு டீ குடித்து வரலாம். இந்த வரிசையில் முன்னாலும் ஆள் தெரியவில்லை, பின்னாலும் ஆள் தெரியவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அது அவனுக்கு வந்தது. டீக்கடைக்காரர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை எதிர்க்கடைக்குள்ளிருந்து பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் தொழிலில் கேட்கிற சத்தம் ஹலோ ஹலோ என்பதுதான். கேக்குதா, கேக்குதா என்பதுதான். யாருக்கும் சிரிக்க நேரம் இருந்ததில்லை. சிரித்தால் படம் ஓடுகிறது என்று அர்த்தம்.

டீக்கடைக்காரர் இரண்டு கடைக்கும் டீ கொடுப்பவர். அவரிடம் எப்படி வாங்கினானாம் என்று கேட்டேன். சும்மா ஒரு தடவை பெயரைப் போட்டு வைத்தானாம், மறந்தேவிட்டானாம், திடீரென்று மெயில் வந்ததாம். அந்த மறந்தேவிட்டான் என்ற வார்த்தை எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவிடவில்லை. நான் டாக்டராகவும் ஜெர்மன்காரனாகவும் மாறி மாறி நின்று கேட்டேன். அவன் மறந்துவிட்டிருந்தான். அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததில் பெரும்பகுதி எதிர்ப்பக்கம் பார்ப்பதுதான். என் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன். அவன் கடையில் கரண்டு போகாதா என்று பார்ப்பேன். போகும், என் கடையிலும் சேர்ந்துதான் போகும், இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். அவன் புதிதாக ஹெட்போன் வாங்கி, அட்டைப்பெட்டியைத் தெரு தெரியும்படி அடுக்கி வைத்திருந்தான். புதிய சட்டை போட்டிருந்தான். சட்டை வாங்கியது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் எனக்கு எல்லாமே பீட்டாவால் வந்ததாகத்தான் தெரிந்தது. தம்மாம்காரர் மனைவியிடம் ஒருநாள், புது மென்பொருளில் பேசினால் நம் படமெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போய்விடும் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "படம் வெளிநாட்டுக்குப் போகணும்னுதானேண்ணே நான் இங்கன வாரேன்" என்றார்.

அந்தப் பெண்ணை நான் போகவிடக் கூடாது என்று நினைத்தேன். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள். எல்லோரும் போனால் ஷார்ஜாவிலிருந்து முதலாளி கேட்பார். அவர் ஏற்கெனவே ஒரு தடவை, ஆள் வரவில்லையென்றால் கடையை மளிகைக்கு விட்டுவிடலாமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டிருந்தார். கடை போனால் பின்னால் இருக்கிற அறையும் போகும். நான் மறுபடியும் பஸ் ஏற வேண்டும். நாற்பதை நெருங்குகிற வயதில் அது முன்னைப்போல எளிதாக இல்லை.

இந்தச் சமயத்தில்தான் தெரிந்தது, பீட்டா கிடைத்தவர்கள் தங்களுக்குப் பழக்கமான மூன்று பேரை அழைக்கலாம் என்று. அழைத்தால் அவர்களுக்கு வரிசை கிடையாது, நேரே உள்ளே போகலாம். அவன் கையில் மூன்று அழைப்புகள் இருந்தன. தெரு முழுக்க அது தெரிந்தது. ஒன்றைத் துபாயில் இருக்கும் யாருக்கோ கொடுத்தான். இன்னொன்றைத் தொண்டியில் கடை வைத்திருக்கும் ஒருவனுக்குக் கொடுத்தான். ஒன்று மிச்சம் இருந்தது.

நான் போய்க் கேட்டிருக்கலாம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. அழைக்காத பங்காளி வாசலில் போய் நின்று அழைப்பைக் கேட்டு வாங்குவது எப்படி? அதைவிட உப்பளத்துக்குத் திரும்பிப் போகலாம்.

ஒருநாள் காலை டீ கொடுக்க வந்தவர் கிளாஸை வைத்துவிட்டு, உங்க தம்பி உங்களுக்கு மெயில் விட்டிருக்காராம், பாக்கச் சொன்னாரு என்றார். திறந்து பார்த்தேன். இருந்தது. அவன் பெயர் இருந்தது, அவன் உங்களை அழைத்திருக்கிறான் என்று ஆங்கிலத்தில் இருந்தது, நீல நிறத்தில் அழுத்துகிற இடம் இருந்தது. அவன் எழுதியது ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லோருக்கும் போகிற அச்சு வாசகம். அன்றைக்கு மினிபஸ் கண்டக்டர். இன்றைக்கு டீக்கடைக்காரர்.

இத்தனை நாள் நான் ஏங்கியது கண்ணுக்கு முன்னால் நீலமாக இருந்தது. சுட்டியை அதன்மேல் கொண்டுபோனேன், அம்புக்குறி கையாக மாறியது. எடுத்துவிட்டேன். அவன் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு தெரு, அதில் ஒரு சாக்கடை. அவ்வளவுதான். தாண்டி வந்து, ஏலே, மெயில் விட்டிருக்கேன், சேர்ந்துக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த நொடியே அழுத்திவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் நாற்காலியிலிருந்து இந்தப் பக்கம் பார்ப்பான். நான் அந்தப் பக்கம் பார்ப்பேன். இரண்டு பேரும் உடனே மானிட்டரைப் பார்ப்போம்.

மெயில் வந்து ஒரு வாரம் தாண்டிய வெள்ளிக்கிழமை தம்மாம்காரர் மனைவி என் கடையின் பெண்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. புர்காவின் நுனியைக் குழந்தை வாயில் வைத்திருந்தது.

"அண்ணே, கோவிச்சுக்கிராதீங்க. புள்ளை நடக்க ஆரம்பிச்சிருச்சு. அவுக அதைப் பாக்கணும்ல."

பாருங்கம்மா, அதுக்கென்ன என்றேன். அவர் தெருவைத் தாண்டிப் போய், செருப்பை அங்கே கழற்றினார். நான் உள்ளே வந்து மெயிலைத் திறந்தேன். கௌரவமெல்லாம் போகட்டும் என்று நீலத்தை அழுத்தினேன். இந்த அழைப்பின் காலம் முடிந்துவிட்டது என்று வந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். மெயிலின் அடியில் எறும்பு மாதிரி சின்ன எழுத்தில், ஒரு வாரத்துக்குள் ஏற்காவிட்டால் அழைப்பு அனுப்பியவருக்கே திரும்பிவிடும் என்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் அச்சக முகவரி இருக்குமே, அந்த இடத்தில் போட்டிருந்தார்கள். அங்கே யார் படிப்பார்கள்?

அவன் வந்தான். அன்று சாயங்காலமே வந்தான். சாக்கடையைத் தாண்டி, என் வாசற்படியில் ஒரு காலை வைத்து நின்றான். காதுகுத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஏலே, ஏன் திருப்பி விட்ட?"

"நான் எங்க திருப்பி விட்டேன்?"

"எனக்கே திரும்பி வந்திருக்கே. நீட்டுன தட்டைத் தள்ளிவிட்ட மாதிரி. வேணாம்னா வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே."

"நீ வந்து ஒரு வார்த்தை சொன்னியா?"

"மெயிலு விட்டேன். ஆளும் விட்டேன். இன்னும் மேளம் வேற வைக்கணுமா உனக்கு?"

திரும்பி வந்ததை மறுபடி எனக்கு அனுப்பேன் என்று நாக்கின் நுனி வரை வந்தது. அதற்குள் அவனே சொன்னான், ராமநாதபுரத்தில் இருக்கிற மச்சினனுக்கு மதியமே அனுப்பிவிட்டதாக. திரும்பி வந்தது அவனுக்கும் அவமானமாக இருந்திருக்கிறது. கோபத்தில் உடனே தள்ளிவிட்டான். அவனுக்குக் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான். கையில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, கோபத்தையும் அவனே வைத்துக்கொண்டான்.

மார்ச் மாதம் முதலாளி தொலைபேசியில் பேசினார். நல்ல மனிதர், சுற்றி வளைத்துத்தான் சொன்னார். கடையை மளிகைக்கு விடுகிறார். கம்ப்யூட்டர்களில் மூன்றை எதிர்க்கடைத் தம்பி கேட்கிறார், கொடுத்துவிடு என்றார். எதிர்க்கடைத் தம்பி என்றுதான் சொன்னார், அவன் எனக்கு என்ன உறவு என்று அவருக்குத் தெரியாது. எனக்கு வேண்டுமானால் மளிகையில் மூட்டை இறக்கும் வேலைக்குச் சொல்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ராமேஸ்வரத்தில் பழைய லாட்ஜுக்குப் போன் போட்டு, அறை கூட்ட ஆள் தேவையா என்று கேட்டேன், வரச் சொன்னார்கள்.

மூன்று பெட்டிகளையும் நான்தான் தூக்கிப் போனேன். அப்போதைய மானிட்டர் நெஞ்சளவு பெரிது, முன்னால் கண் தெரியாது. சாக்கடைப் பலகையில் காலால் தடவித் தடவி நடந்தேன். அவன் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தான். நான் விடச் சொன்னேன். விட்டான். மூன்றாவது பெட்டியை உள்ளே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தடுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, நீங்களா? இங்கன வாங்க, அவுக உங்களைப் பாக்கணுங்கிறாக."

போய் நின்றேன். அவர் குழந்தையை மடியில் வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் அவர் கணவர். ஒரு வருடத்துக்கு மேலாகத் துண்டு துண்டாகக் குரலைக் கேட்ட மனிதர். மீசையில்லாத, ஒடுங்கிய முகம். பின்னால் இரட்டைக் கட்டில், கம்பியில் துண்டு காய்ந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ புரண்டு படுத்ததுகூடத் தெரிந்தது. அவர் கையை உயர்த்தி, "அண்ணே, எவ்வளவு நாளு கம்பியைப் புடுங்கிப் புடுங்கிச் செருகுனீங்க, பாவம்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் உதடும் குரலும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. குழந்தை மானிட்டர் கண்ணாடியைத் தட்டியது. அவர் அந்தப் பக்கம் அதே இடத்தில் விரலை வைத்தார்.

நான் ஏதோ பதில் சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றோ என்னவோ. என் பின்னால் அவன் நிற்பது தெரிந்தது. பெருமையாக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாயல்குடிப் பக்கம் ஊருக்குப் போகாமல் நேரே ராமநாதபுரம் போய் ராமேஸ்வரம் பஸ் பிடிக்க எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை நகராமல் அங்கேயே நின்றேன். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நிற்கும், நிற்கும் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.